ஜரிகை வராத தறி

ஆரணியில் பட்டுத்தறி பார்த்திருக்கிறீர்களா? பாவு தயார், ஊடை தயார். சூரத் ஜரிகை மட்டும் வரவில்லை. அவ்வளவுதான், சேலை நிற்கும்.

1993-ல் பிறந்த டெபியன் லினக்ஸிலும் இதே கதைதான். புது மென்பொருள் முதலில் 'அன்ஸ்டேபிள்' கிடங்குக்கு வரும். சில நாள் பார்த்துவிட்டு 'டெஸ்டிங்'குக்கு அனுப்புவார்கள். ஆனால் அது நம்பியிருக்கும் துணைநிரல்களும் அங்கே தயாராக இருக்கவேண்டும். ஒன்று தங்கினால் மற்றதும் தங்கும். 2000-ல் வந்த ஏற்பாடு இது.

2024-ல் கூத்தே நடந்தது. 32 பிட் கணினிகளின் கடிகாரம் 2038 ஜனவரியில் நிரம்பிவிடும் என்று நூற்றுக்கணக்கான துணைநிரல்களை மாற்றினார்கள். வாரக்கணக்கில் நெரிசல், ஏகப்பட்ட மென்பொருள்கள் நகரவே இல்லை. எரிச்சல்தான். ஆனால் சி-டாக் தந்த நம்ம பாஸ் லினக்ஸும் டெபியன் வழிதான். அரைச் சேலையை விற்காத நெசவாளியைக் கோபிப்போமா?