எரிமலையில் கேட்ட பெயர்

ஜெயங்கொண்டத்தில் பிறந்தவனுக்கு வெற்றி என்பது ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. சில மைல் தொலைவில் கங்கைகொண்ட சோழபுரம். 1025-இல் முதலாம் இராஜேந்திரனுடைய கப்பற்படை ஸ்ரீவிஜயத்தையும் பண்ணையையும் மலையூரையும் கடாரத்தையும் வென்ற கதையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆகையால் சுமத்திராத் தீவுக்குப் போனபோது, பாட்டன் சொத்தைப் பார்வையிடப் போகிற மிடுக்குடனேயே போனேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அந்த மிடுக்கு சிபாயக் மலையின் அடிவாரத்தோடு சரி. அது ஓர் எரிமலை. உயரம் ஏறத்தாழ 2,200 மீட்டர். கடைசியாக 1881-இல் சீறியது என்கிறார்கள். பெருமூச்சு மட்டும் இன்னும் நிற்கவில்லை. பாசி படர்ந்த மரங்களும் மூங்கிலும் அடர்ந்த காட்டுப் பாதையில், பத்தடிக்கு ஒரு தரம் வழுக்கினேன். ஒவ்வொரு தரமும் கை கொடுத்துத் தூக்கியவன், வழிகாட்டியாக வந்த காரோ இளைஞன். உச்சியை நெருங்கியதும் மரங்கள் மறைந்தன. பாறை வெடிப்புகளிலிருந்து கந்தகப் புகை சீறிக் கொண்டிருந்தது. மூச்சு வாங்க உட்கார்ந்து, அவனுடைய குலப் பெயரைக் கேட்டேன்.

"செம்பிரிங் சோலியா" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது! காரோ மக்களின் செம்பிரிங் குலத்தில் சோலியா, பாண்டியா, பெலாவி, பிராமணா என்றெல்லாம் கிளைகள் உண்டு. இவை பழைய தமிழ் வணிகத் தொடர்பின் எச்சம் என்று அறிஞர் சிலர் கருதுகிறார்கள்.

அந்த வணிகர்களும் கற்பனை அல்லர். தீவின் மேலைக் கரையில் பாருஸ் துறைமுகத்துக்கு அருகே, லோபு துவா என்னுமிடத்தில், 1873-இல் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. அதன் காலம் 1088. அப்போது கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆண்டவன் முதற் குலோத்துங்கன். ஆனால் கல்லில் பொறித்தவர்கள் அவனுடைய படைத்தலைவர்கள் அல்லர். ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர். அதில் போர்ப் பெருமை இல்லை. மரக்கலத்தார் செலுத்த வேண்டிய பொன்னைப் பற்றித்தான் பேச்சு. இந்தத் தீவின் காட்டுக் கற்பூரத்துக்காகக் கடல் கடந்த வணிகர் பலரும் பாருஸைத் தேடி வந்த காலம் அது.

படையோடு வந்தவர்கள் வென்றார்கள், திரும்பினார்கள். வென்றவனுடைய அரண்மனை, எங்கள் மாளிகைமேட்டில் வெறும் செங்கல் அடித்தளமாகக் கிடக்கிறது. பண்டமாற்ற வந்தவர்களின் பெயரோ எரிமலைமேல் என் எதிரே உட்கார்ந்து சிரித்துக் கொண்டிருந்தது.

இறங்கும்போது, "உங்கள் ஊர்ப் பெயருக்கு என்ன பொருள்?" என்று கேட்டான் இளைஞன்.

'வெற்றி' என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கால் வழுக்கிவிட்டது. அவன் கையைக் கெட்டியாகப் பிடித்துக் கொண்டேன்.