சப்பத்தண்ணியும் ஸ்டூடியோ ஹைப்போவும்

1988-இல் எங்கள் ஸ்டூடியோவில் ஒரு மீன் தொட்டி வைத்தேன். படம் எடுக்க வரும் குழந்தை அழாமல் ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். இரண்டடி நீளம், இரும்புச் சட்டத்தில் லப்பம் வைத்துக் கண்ணாடி பதித்தது. சென்னை மெரினாவில் 1909-லேயே மீன் காட்சிசாலை திறந்துவிட்டார்கள். கோவை மாவட்டத்திலுள்ள எங்கள் ஊர் காரமடையில் நான் கண்ட முதல் கண்ணாடித் தொட்டி என்னுடையதுதான். ரங்கநாதர் கோயிலுக்கு வந்தவர்கள் அப்படியே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

எட்டுத் தங்கமீன் விட்டேன். பன்னிரண்டாம் நாள் தொட்டியில் தண்ணீர் மட்டும் இருந்தது.

என் பாட்டி, அம்மிச்சி, ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். “நமக்கு வர வேண்டியதை அது வாங்கிக்கிட்டுப் போயிருச்சு, உடு சாமி.” ஊரில் இன்றும் மீன் செத்தால் இதைத்தான் சொல்கிறார்கள். ஆறுதலாக இருக்கும். ஆனால் இந்த ஆறுதல்தான் என்னை ஆறேழு வருஷம் காரணம் தேட விடவில்லை.

எனக்குப் புரியாமல் போனதற்கு அப்பாருவின், அதாவது தாத்தாவின், கிணறும் ஒரு காரணம். காரை மரங்கள் நின்ற மடை என்பதால் காரமடை என்று பெரியவர்கள் சொல்வார்கள். பெயரிலேயே தண்ணீர் ஓடுகிறது. மாசித் தேருக்குத் தண்ணீர் சேவை என்று தனியாக ஒரு வேண்டுதலே உண்டு. தோட்டத்துக்குத் தோட்டம் கிணறு. எங்கள் கிணற்றில் அப்பாரு மாடு கட்டிக் கவலை இறைத்திருக்கிறார். 1932-இல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகுதான் கொங்குநாட்டுக் கிணறுகளுக்கு மோட்டார் ஒவ்வொன்றாக வந்தது. கிணற்றுக்குள் கெண்டைக் குஞ்சுகளும் ஓர் ஆமையும் கிடக்கும். தண்ணீர் உவர்த்தால் நெல்லிக்கட்டையை வெட்டிப் போடுவார்கள். யாரும் அந்த மீனுக்குத் தீனி போட்டதில்லை, தண்ணீர் மாற்றியதில்லை. அது சாகவும் இல்லை. கிணற்றில் வாழ்வது தொட்டியில் ஏன் வாழாது என்றுதான் நினைத்தேன்.

சிறுவயதில் நாங்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலில் வளர்த்த கப்பியும் சாக்கடையோரம் பிடித்ததுதான். டிரினிடாடில் இருந்த கப்பி என்ற ஆங்கிலேயர் 1866-இல் லண்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பியதால் அவர் பெயரே மீனுக்கு நின்றுவிட்டது. கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று இந்தியாவில் கொண்டுவந்து விட்டார்கள். அது எந்தத் தண்ணீரிலும் கிடக்கும். அதை வைத்துப் பழகியவன் தங்கமீனிடம் போனால் தோற்காமல் என்ன செய்வான்?

பிறகு நான் தெரிந்துகொண்ட காரணம் இது: மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. கிணற்றில் அது பல்லாயிரம் லிட்டரில் கரைந்து காணாமல் போகும். அதோடு, கிணற்றுக் கல்லில் வழுவழுவென்று படிந்திருக்கிறதே பாசி, அதற்குள் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும். வேறு சில அதை நைட்ரேட்டாக்கும். கடைசியில் வருவது செடிக்கு உரம். 1850-இல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் பன்னிரண்டு காலன் பிடிக்கும் பாத்திரத்தில் இரண்டு தங்கமீன், ஒரு நீர்ச்செடி, கொஞ்சம் நத்தை வைத்து, ஒன்றையொன்று தாங்கும் என்று காட்டினார். வீட்டு மீன் தொட்டிக்கு அவரையும் மூத்தவராகச் சொல்கிறார்கள். அவர் கணக்கில் செடியும் பிராணவாயுவும் இருந்தன, இந்த நுண்ணுயிர் இல்லை. அதைத் தனியே பிரித்துக் காட்ட 1890-இல் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்யர் வர வேண்டியிருந்தது. வாரிங்டன் வைத்தது இரண்டே மீன் என்பதைக் கவனியுங்கள். நான் வைத்தது எட்டு. அதுவும் கழுவித் துடைத்த புதுக் கண்ணாடியில்.

அதற்கு மேல் எங்கள் ஊருக்கே உரிய ஒரு வினை உண்டு. கிணறு வற்ற வற்ற ஆளாளுக்கு ஆழ்துளைக் கிணறு, அதாவது போர், போட்டார்கள். முந்நூறு அடியில் கிடைத்த தண்ணீர் அறுநூறுக்குப் போனது, பிறகு ஆயிரத்துக்கு. வந்தது சப்பத்தண்ணி: சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, குடத்தில் வெள்ளை படியும். அதன் பி.எச். எட்டுக்கு மேல். அம்மோனியாவின் குணம் இங்கேதான் மாறுகிறது. பி.எச். ஏழாக இருந்தால் தண்ணீரிலுள்ள மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது. எட்டில் அது ஐந்து பங்குக்கு மேல். ஒன்பதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும். அதே மீன், அதே தீனிதான். ஆத்துத் தண்ணியில் பிழைத்திருக்கும், போர்த் தண்ணியில் செத்துப்போகும்.

1990-களில் நான் மீன் விற்கவும் தொடங்கியிருந்தேன். சென்னைக் கொளத்தூரிலிருந்து ஆக்சிஜன் அடைத்த பைகள், தெர்மாகோல் பெட்டியில், நீலகிரி எக்ஸ்பிரஸில் மேட்டுப்பாளையம் வந்திறங்கும். பையைப் பார்த்தால் மீன் துள்ளும். நான் பையை அவிழ்த்து, கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் தண்ணீரை ஊற்றி, ஒரு மணி நேரம் பழக்குவேன். பழகப் பழகச் சாகும். பெட்டிக்கு முப்பது, நாற்பது என்று குப்பைக்குப் போனது. அனுப்பியவர்தான் சீக்கு மீனைத் தலையில் கட்டுகிறார் என்று பல நாள் திட்டியிருக்கிறேன். அவர்மேல் தப்பே இல்லை. இரவெல்லாம் கட்டிய பைக்குள் மீன் விட்ட மூச்சால் கரியமிலவாயு சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும். அம்மோனியா நிறைய இருந்தாலும் கடிக்காது. பையின் வாயைத் திறந்ததும் வாயு பறக்கிறது. மேலே சப்பத்தண்ணி விழுகிறது. தூங்கிக் கிடந்த விஷம் எழுந்துகொள்கிறது. தொலைதூரம் வந்த மீனைப் பை நீரில் வைத்துச் சீராட்டக் கூடாது. வெப்பம் சமமானதும் பைத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மீனை மட்டும் தொட்டிக்கு மாற்ற வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆன செலவில் ஒரு நல்ல லென்ஸ் வாங்கியிருக்கலாம்.

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு நகராட்சித் தலைவர் இரத்தினசபாபதி முதலியார் காலத்திலேயே சிறுவாணித் தண்ணீர் கிடைத்துவிட்டது. 1990-களில் பவானியில் உள்ள பில்லூர் அணைத் தண்ணீரும், எங்கள் பக்கத்து வெள்ளியங்காட்டில் சுத்திகரித்து, கோவைக்குப் போயிற்று. எங்கள் குழாயிலும் பவானித் தண்ணீர் வந்தது. பருப்பு வெந்தது. சந்தோஷத்தில் தொட்டியை முழுக்க நிரப்பினேன். அரை மணியில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தன. இந்த முறை குளோரின். 1908-இல் அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில் ஊர்க் குடிநீருக்குத் தொடர்ந்து குளோரின் சேர்க்கத் தொடங்கிய பிறகு உலகெங்கும் காலரா, டைபாய்டிலிருந்து பிழைத்தவர்கள் கணக்கில்லை. மனிதனைக் காப்பாற்றும் அளவு மீன் செவுளை அரித்துவிடும்.

இதற்கு மருந்து என் இருட்டறையிலேயே இருந்தது. பிலிம் கழுவிய பின் படத்தை நிலைநிறுத்த நாங்கள் போட்டுவந்த ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்பேட். வெள்ளியுப்பை அது கரைக்கும் என்று ஜான் ஹெர்ஷல் 1819-லேயே கண்டிருந்தார். அதே உப்புதான் குளோரினையும் நொடியில் முறிக்கிறது. மீன் கடையில் ‘ஆன்டி குளோரின்’ என்று பொட்டலம் கட்டி விற்ற படிகத்தை விரலில் தொட்டுப் பார்த்தபோதே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. பத்து வருஷமாக மூட்டையில் வைத்திருந்ததைக் காசு கொடுத்து வாங்கினேன்! டிஜிட்டல் வந்து பிலிம் போன பிறகும் எங்கள் ஸ்டூடியோவில் ஹைப்போ தீரவில்லை. அதன் வேலை மட்டும் மாறியது.

பழையவர்கள் சொன்னதெல்லாம் தப்பு என்றும் சொல்ல மாட்டேன். மீன் சோர்ந்தால் ஒரு கை கல்லுப்பு போடு என்பார்கள். நைட்ரைட் மீனின் ரத்தத்தில் ஏறினால் ரத்தம் பழுப்பாகி மூச்சைச் சுமக்காது. உப்பிலுள்ள குளோரைடு அந்த நைட்ரைட்டைச் செவுளில் நுழைய விடாமல் மறிக்கிறது. காரணம் தெரியாமலே சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். தண்ணியை ஒரு நாள் பிடித்து வை என்றதும் சரிதான். குளோரின் தானாகப் பறந்துவிடும். கெடுத்தது எங்கள் சுத்த புத்தி. ஞாயிற்றுக்கிழமைதோறும் கல், ஃபில்டர் பஞ்சு எல்லாவற்றையும் குழாயடியில் தேய்த்துக் கழுவி, ஆறு நாளில் குடியேறிய நுண்ணுயிரை ஏழாம் நாள் குளோரினில் கொன்றோம். போதாததற்கு மீன் மருந்தென்று மெத்திலீன் நீலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டோம். அதுவும் அதே உயிர்களைத்தான் வதைக்கும்.

ஆகவே காரமடையிலும் சுற்றுப்பட்டிலும் புதுத் தொட்டி வாங்குகிறவர்களுக்கு: முதல் ஆறு வாரம் இரண்டு மீனுக்கு மேல் வேண்டாம். வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீர் மட்டும் மாற்றுங்கள், முந்தின நாளே பிடித்து வைத்ததாக. பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த அழுக்குத் தண்ணீரிலேயே பிழியுங்கள், குழாயடிக்குக் கொண்டுபோகாதீர்கள். போர்த் தண்ணியோ ஆத்துத் தண்ணியோ, எதில் தொடங்கினீர்களோ அதிலேயே இருங்கள்.