தசைச் சிதைவு நோயும் மூல உயிர்க்கலச் சிகிச்சையும்

நோயை அறிதல் ஒன்று. அதனைத் தீர்த்தல் பிறிதொன்று. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தூரம் பெரிது என்பதற்குச் சிறுவரைப் பற்றும் தசைச் சிதைவு நோயின் வரலாறு தக்க சான்றாகும்.

1851ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் எட்வேட் மெறியன் இந்நோயை எடுத்துரைத்தார். இது குடும்பவழியாக ஆண்மக்களைப் பற்றுவதையும், தசைநாரின் மெல்லுறை சிதைவதையும் அவர் கண்டார். எனினும், 1868இல் விரிவாக எழுதிய பிரெஞ்சு மருத்துவர் டியூசெனின் பெயரே நோய்க்கு நிலைத்தது. ஓடியாடிய பிள்ளை அடிக்கடி விழுகின்றான். தொடைமேற் கையூன்றி எழுகின்றான். பெரும்பாலும் பன்னிரண்டு வயதளவில் நடையை இழக்கின்றான். பின்னர் மூச்சுத் தசைகளும் இருதயமும் தளர்கின்றன.

காரணத்தை அறிய ஒரு நூற்றாண்டுக்கு மேற் சென்றது. எக்ஸ் நிறமூர்த்தத்திலுள்ள பரம்பரையலகை 1986இல் லூயிஸ் குங்கெல் குழுவினர் கண்டறிந்தனர். அவ்வலகு ஆக்கும் டிஸ்றோபின் என்னும் புரதம் இல்லாமையே நோய்க்குக் காரணமென 1987இல் தெளிவாயிற்று.

இதற்கு முன்னரே, தசைநாரின் ஓரத்தில் உறங்கிக் கிடந்து, காயமுற்றபோது புதுத்தசை ஆக்கவல்ல மூல உயிர்க்கலங்களை 1961இல் அலெக்சாந்தர் மோறோ கண்டிருந்தார். நலமுள்ள ஒருவரின் தசைக்கலங்களை நோயாளிக்கு இட்டால் என்ன என்ற வினா இயல்பாகவே எழுந்தது. 1989இல் சுண்டெலிகளில் அது பயனளித்தது. மறுவருடமே அமெரிக்காவில் ஒரு சிறுவனின் பாதத் தசையில் அக்கலங்கள் செலுத்தப்பட்டன. பெற்றோர் உள்ளங்களில் நம்பிக்கை பெருகிற்று.

அந்நம்பிக்கையை உரைத்துப் பார்த்தது 1995இல் வெளியான ஆய்வாகும். பன்னிரு சிறுவருக்கு ஆறு மாதம், மாதமொருமுறை, ஒரு புயத்திற் கலங்களும் மறுபுயத்திற் கலமற்ற ஊசியும் இடப்பட்டன. இரு புயங்களின் வலிமையிலும் வேறுபாடு காணப்படவில்லை. இட்ட கலங்களுட் பெரும்பாலானவை விரைவில் இறந்தன. எஞ்சியவையோ ஊசி சென்ற தடத்தைவிட்டு அகலவில்லை. உடலிலுள்ள நூற்றுக்கணக்கான தசைகளை ஊசியால் எங்ஙனம் சென்றடைவது? குருதி வழியாகக் கலங்களைச் செலுத்திய இத்தாலிய ஆய்வும் ஐந்து சிறுவருக்குக் குணமளிக்கவில்லை என 2015இல் அறிவிக்கப்பட்டது.

மூல உயிர்க்கலச் சிகிச்சை முற்றும் பொய்யோ எனின், அன்று. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் என்புமச்சை மாற்றத்தாற் தலசீமியாக் குழந்தைகள் பலர் குணமடைந்துள்ளனர். குருதிக் கலங்கள் தம் இருப்பிடத்தைத் தாமே நாடிச் செல்வன. தசைக்கலங்கள் அவ்வாறு செல்லா. ஒரு நோயில் மெய்யானது மற்றொன்றிலும் மெய்யாகிவிடாது.

இவ்வேறுபாட்டை மறைத்துப் பணம் பறிப்போர் உளர். ஆதலினாலேயே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள், குருதிநோய் போன்ற ஏற்கப்பட்ட சில நோய்கள் தவிர்ந்த ஏனையவற்றுக்கு, அங்கீகரிக்கப்பட்ட ஆய்வுக்கு வெளியே இச்சிகிச்சையை அளித்தல் முறைகேடெனக் கூறின. தேக அப்பியாசமும், ஸ்ரெறொயிட் மருந்தும், சுவாச உதவியும் நோயைத் தீர்க்கா. ஆயினும் வாழ்நாளை நீட்டியுள்ளன.

மெறியன் எழுதிய காலத்திற் கொக்குவிலுக்கு அயலதாகிய மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தவர் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன். 1864 முதல் அவர் தமிழிலேயே கற்பித்தார். உடலின் இயல்பைத் தமிழர் தம் மொழியில் அறிதல் வேண்டும் என்பதே அவர் கொள்கை. நிறுவப்பட்டது யாது, நிறுவப்படாதது யாது என்பதை இப்பிள்ளைகளின் பெற்றோர்க்குத் தமிழில் எடுத்துரைத்தல் இன்றைய கற்றோர்மீதுள்ள கடனாகும்.