இளையோருக்கும் முதன்முறை குற்றஞ்சாட்டப்படுவோருக்குமான சட்டப்பணி: ஊவா மாகாணம்

பதுளை, மொனராகலை மாவட்டங்களைக் கொண்ட ஊவா மாகாணத்தில் குற்ற வழக்கை எதிர்கொள்ளும் சிறுவர், இளைஞர், முன்குற்றம் இல்லாதோர் ஆகியோருக்காகச் சட்டத்தரணிகள் ஆற்றும் பணி இது. பதுளை, பண்டாரவளை, வெலிமடை முதலிய நீதவான் நீதிமன்றங்களில் இதன் பெரும்பகுதி நடைபெறுகிறது. பாரதூரமான வழக்குகள் மேல் நீதிமன்றத்துக்குச் செல்கின்றன.

வயது

2018ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம், குற்றப் பொறுப்புக்கான குறைந்தபட்ச வயதை 8இலிருந்து 12ஆக உயர்த்தியது. 12 முதல் 14 வரையான பிள்ளைக்குப் போதிய முதிர்ச்சி இருந்ததா என்பதை நீதவான் தீர்மானிப்பார். ஆகவே சட்டத்தரணி முதலில் கேட்பது பிறப்புச் சான்றிதழைத்தான். சிறுவர் வழக்குகளைத் தனியாக விசாரிக்கவும், அவர்களை வளர்ந்தோரிடமிருந்து பிரித்துத் தடுத்து வைக்கவும் 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளைஞர் கட்டளைச்சட்டம் வழிசெய்கிறது.

பிணை

பிடியாணையின்றிக் கைதானவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். 1997ஆம் ஆண்டின் பிணைச் சட்டப்படி பிணை வழங்குவதே விதி, மறுப்பது விலக்கு. ஆனால் சரீரப் பிணைக்குப் பொறுப்பு நிற்க ஓர் ஆள் வேண்டும். அவருடைய வதிவிடத்தைக் கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்த வேண்டும். சொந்தக் காணியின்றித் தோட்டங்களின் லயன்களில் (வரிசை வீடுகளில்) வாழும் குடும்பங்களுக்கு இது எளிதன்று. பிணை நிற்க வரும் உறவினர் அன்றைய ‘பேரை’யும், அதாவது நாட்கூலியையும், இழக்கிறார். பிணை கிடைத்தும் ஆளில்லாமல் சிறு குற்றச்சாட்டுக்காக ஓர் இளைஞர் விளக்கமறியலில் இருக்க நேர்வது பெரும் அநீதி.

சட்ட உதவியும் மொழியும்

மேல் நீதிமன்றத்தில் சட்டத்தரணி இல்லாத எதிரிக்கு (குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு) நீதிபதியே ஒரு சட்டத்தரணியை நியமிப்பார். நீதவான் நீதிமன்றத்தில் அவ்வாறு தானாக நியமனம் நிகழ்வதில்லை. வருமானம் குறைந்தோர் 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். அதற்குப் பதுளையிலும் நிலையம் உண்டு. இதை அறியாதவர்கள், குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டினால் அன்றே வீடு திரும்பலாம் என்று எண்ணிவிடுகின்றனர். இவ்வாறு பதிவாகும் குற்றத்தீர்ப்பு பின்னர் வேலைக்கோ வெளிநாட்டுக்கோ பொலிஸ் சான்றிதழ் கேட்கும்போது குறுக்கே நிற்கிறது.

இங்குள்ள நீதிமன்றங்களின் அலுவல் மொழி சிங்களம். எனினும் தமிழில் வழக்கில் பங்கேற்கவும், அரசின் செலவில் மொழிபெயர்ப்புப் பெறவும் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. தமக்கு விளங்காத வாக்குமூலத்தில் எவரும் கையொப்பமிட வேண்டியதில்லை.

சிறைக்கு மாற்று

குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306ஆம் பிரிவின் கீழ், வயதையும் முன்நடத்தையையும் குற்றத்தின் சிறுமையையும் கருதி, குற்றத்தீர்ப்பைப் பதியாமலே நீதவான் எதிரியை எச்சரித்தோ நிபந்தனையுடனோ விடுவிக்கலாம். 303ஆம் பிரிவு ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனைக்கு இடமளிக்கிறது. 1944ஆம் ஆண்டின் நன்னடத்தைக் கட்டளைச்சட்டமும், 1999ஆம் ஆண்டின் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டமும் வேறு வழிகளைத் தருகின்றன. சில சிறு பிணக்குகளை மத்தியஸ்த சபைக்கு அனுப்பலாம். தடுத்து வைப்பது தவிர்க்க முடியாதபோது இளம் குற்றவாளிகளுக்கெனத் திருத்த நிலையங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று பதுளை மாவட்டத்துத் தல்தெனையில் இருக்கிறது.

இவற்றுட் பல நீதவானின் தற்துணிபுக்கு உட்பட்டவை. எதிரியின் வயது, படிப்பு, குடும்ப நிலை, தொழில் ஆகியவற்றை ஆதாரத்தோடு எடுத்துரைக்க ஒருவர் இருந்தால்தான் அந்தத் தற்துணிபு அவருக்குப் பயன்படும். ஆகவே தோட்டத்து இளைஞருக்கு முதல் தவணையிலேயே, அவருக்கு விளங்கும் மொழியில் சட்ட உதவி கிடைப்பது இன்றியமையாதது.