விளக்கு எரியாத ஸ்கேனர்

போன செவ்வாய்க்கிழமை காலை என் ஸ்கேனர் உயிரை விட்டது. வழக்கம்போல் அடாப்டரை பிளக்கில் செருகினேன். பச்சை விளக்கு எரியவில்லை. கண்ணாடிக்கடியில் வெள்ளைக் குழல் விளக்கு எரிந்து, "கிர்ர்" என்று ஒருமுறை நகர்ந்து காட்டுமே, அதுவும் இல்லை. 2004ல் வாங்கியது. "இருபது வருஷத்துக்கு மேல உழைச்சாச்சு, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க" என்று வீட்டில் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள்.

எனக்கு இருந்த கவலை வேறு. மேஜைமேல் காலஞ்சென்ற நண்பர் ஒருவரின் குடும்ப ஆல்பம் இருந்தது. மொத்தம் 112 படங்கள். ஏழாம் நாள் மகாரதம் மாட வீதியில் திரும்புகிற படம், கூட்டமே இல்லாத கிரிவலப் பாதை, பே கோபுரத் தெருவில் மாட்டு வண்டிகள் என்று நம்மூரே அதற்குள் உட்கார்ந்திருந்தது. 49 முடித்திருந்தேன், 63 பாக்கி. ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் வந்து ஆல்பத்தை வாங்கிக்கொண்டு அன்றிரவே வெளிநாடு கிளம்புகிறாள்.

செல்போனில் எடுத்தால் என்ன என்பீர்கள். எடுத்துப் பார்த்தேன். பளபளப்புத் தாளில் டியூப்லைட்தான் விழுந்தது. புது ஸ்கேனர்? விலை குறைந்த மெலிந்த மாடல்களில் பெரும்பாலும் சிஐஎஸ் என்ற வகை உணரிதான் இருக்கும். கண்ணாடியோடு ஒட்டிக் கிடக்கும் தாள் மட்டும்தான் அதற்குத் தெளிவாகத் தெரியும், சற்றுத் தூக்கி நின்றால் மங்கிவிடும். மூலைக்கு மூலை கறுப்புக் காகிதம் ஒட்டி, வளைந்துபோன இந்தப் படங்களைப் பிய்க்கவும் மனமில்லை. பழைய சிசிடி வகையில் கண்ணாடிச் சில்லுகளும் லென்ஸும் இருப்பதால், அரை விரற்கடை தூக்கி நின்றாலும் ஓரளவு பார்த்துவிடும். அதனால்தான் என் பெட்டியை விட மனமில்லை.

இந்தப் பெட்டியின் வம்சாவளியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1957ல் அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் என்பவர் தன் மூன்று மாதக் குழந்தையின் படத்தை ஓர் உருளையில் சுற்றிக் கணினிக்குள் ஏற்றினார். அகலத்துக்கு 176, உயரத்துக்கு 176 புள்ளிகள், அவ்வளவுதான். 1969ல் பெல் ஆய்வுக்கூடத்தில் பாயிலும் ஸ்மித்தும் சிசிடியைக் கண்டுபிடித்தார்கள். நோபல் பரிசு கிடைக்க 2009 வரை காத்திருந்தார்கள். அந்த சிசிடியை வைத்து, புத்தகத்தைக் கண்ணாடிமேல் கவிழ்த்தால் படிக்கும் இயந்திரத்தை 1976ல் ரே குர்ஸ்வைல் வெளியிட்டார். யாருக்காக? கண் தெரியாதவர்களுக்காக. பக்கத்தைப் பார்த்து அது வாய்விட்டுப் படித்தது. என் மேஜையில் செத்துக் கிடந்தது அந்த வம்சம்தான்.

நம்மூருக்கு இதெல்லாம் புதிதில்லை. மூலத்தின்மேல் நேராக ஒட்டவைத்து, அதே அளவில் படி எடுக்கும் வேலை அண்ணாமலையார் கோயில் சுவர்களில் மின்சாரமே இல்லாமல் நடந்திருக்கிறது. மைப்படி என்பார்கள். கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த காகிதத்தை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்குவார்கள். காய்ந்து வரும்போது மைப்பொதியால் ஒற்றினால் தாள் முழுக்கக் கறுப்பு, எழுத்து மட்டும் வெள்ளை. நம் கோயில் கல்வெட்டுகளை பி.ஆர். சீனிவாசன் பதிப்பிக்க, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1990ல் நூலாக வெளியிட்டது. வெள்ளையடித்தோ டைல்ஸ் ஒட்டியோ ஒரு சுவர் மறைந்துவிட்டால், படி எடுத்த தாள்தான் மிச்சம்.

தாளுக்கும் இதே கதிதான். 1981ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. படி இருந்தவை பிழைத்தன, இல்லாதவை போனதுதான். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த நூல்கள் தப்பியது அதிர்ஷ்டம். அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி 1994ல் சென்னையிலேயே நூலகமாக்கி, மைக்ரோபிலிம் எடுக்க வைத்தது. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்த கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். வீட்டில் ஒரு ஸ்கேனர் வைத்திருந்த எத்தனையோ பேர் இப்படிப்பட்ட வேலைகளுக்குப் பக்கம் பக்கமாக எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். இலங்கைத் தமிழருக்கு 2005ல் நூலகம் திட்டம் வந்தது.

சரி, என் பெட்டிக்கு வருகிறேன். வேறு பிளக்கில் போட்டுப் பார்த்தேன், இல்லை. சில மாடல்கள் கணினியோடு யுஎஸ்பி ஒயர் இணைத்தால்தான் விழிக்கும், அதையும் பார்த்தேன். விளக்கு நகராமல் பிடிக்கும் பூட்டுப் பொத்தானும் திறந்துதான் இருந்தது. பூட்டியிருந்தாலும் சத்தமாவது வரும், இப்படிப் பிணமாகக் கிடக்காது. மல்டிமீட்டரை எடுத்து அடாப்டரைச் சோதித்தால் 12 வோல்ட், கச்சிதமாக! அப்படியானால் பெட்டிதான் போச்சு என்று முடிவே கட்டிவிட்டேன்.

புதன்கிழமை இரண்டையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு சின்னக்கடைத் தெருப் பக்கம் டிவி ரிப்பேர் செய்கிற பையனிடம் போனேன். ஸ்கேனரை அவன் திறக்கவே இல்லை. பைக்கின் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை அடாப்டரில் மாட்டி, கூடவே மீட்டரையும் வைத்தான். 12 இருந்தது 5க்கு விழுந்தது.

"சும்மா இருக்கும்போது 12 காட்டும் சார், வேலை கொடுத்தா படுத்துக்கும். உள்ள கெப்பாசிட்டர் காய்ஞ்சு போயிருக்கும்."

"பெட்டி நல்லா இருக்கா தம்பி?"

"போட்டுப் பாத்துடலாமே சார்."

பழைய அடாப்டரில் 12 வோல்ட், 1.25 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தது. வோல்ட் மாறக் கூடாது, ஆம்பியர் கூட இருக்கலாம், குறையக் கூடாது, முனையின் நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்ற சின்னப் படமும் ஒத்துப்போக வேண்டும் என்றான். 2 ஆம்பியர் அடாப்டர் ஒன்றை எடுத்து மாட்டினான். "கிர்ர்" என்றது. கடையில் இருந்த இன்னொரு வாடிக்கையாளர் திரும்பிப் பார்த்தார், நான் அவ்வளவு சத்தமாகச் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது. 250 ரூபாய். பழைய அடாப்டரை நானே பிரித்துக் கெப்பாசிட்டர் மாற்றலாமா என்று கேட்டேன். "வேணாம் சார், பிளக்கை எடுத்தாலும் உள்ள கரண்ட் நிக்கும், அடிச்சிடும்" என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் உட்கார்ந்து 63 படங்களையும் முடித்தேன். ஐம்பதாவது படத்தைத் திரையில் பெரிதாக்கியபோது, தேர் வடத்தைப் பிடித்திருந்த கூட்டத்தில் அரைக்கால் சட்டையோடு ஒரு பையன். நண்பர்தான். ஞாயிற்றுக்கிழமை அவர் மகளிடம் காட்டினேன். இத்தனை வருஷம் ஆல்பத்தைப் புரட்டியும் அவள் அதைக் கவனித்ததே இல்லையாம்.