மூக்கு வளையமும் மஞ்சள் பூவும்

பழைய ஆங்கிலப் படப் புத்தகங்களில் விலங்குகளின் கல்யாணத்துக்குக் குறைவே இல்லை. நாள் நட்சத்திரம் பார்ப்பாரில்லை. குலம் கோத்திரம் கேட்பாரில்லை. அவற்றுள் இரண்டை மட்டும் இங்கே அருகருகே வைத்துப் பார்ப்போம்.

முதலாவது, எட்வர்ட் லியர் பாட்டெழுதிப் படமும் வரைந்த ஆந்தை–பூனைக் கல்யாணம். 1871-ஆம் ஆண்டுத் தொகுப்பில் இடம்பெற்றது. ஓராண்டும் ஒரு நாளும் படகில் போகிறார்கள் மணமக்கள். தேன் இருக்கிறது, பணம் இருக்கிறது, மோதிரம்தான் இல்லை. கரையில், காட்டில் நின்ற பன்றி தன் மூக்கு வளையத்தை ஒரு ஷில்லிங்குக்குக் கொடுக்கிறது. மறுநாள், குன்றில் குடியிருக்கும் வான்கோழி மணம் முடித்து வைக்கிறது. பறவைக்கும் விலங்குக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவரும் சண்டைக்கு வரவில்லை.

இரண்டாவது, கார்த் வில்லியம்ஸ் 1958-இல் எழுதி வரைந்த ‘முயல்களின் திருமணம்’. கறுப்பு முயல் விளையாட்டுக்கு நடுவே அடிக்கடி யோசனையில் உட்கார்ந்துவிடுகிறது. வெள்ளை முயல் காரணம் கேட்கிறது. என்றைக்கும் உன்னோடு இருக்க வேண்டும் என்பதே கறுப்பு முயலின் ஆசை. பிறகு இரண்டும் டான்டலியன் என்ற மஞ்சள் பூவைப் பறித்துக் காதில் செருகிக்கொள்கின்றன. நிலவொளியில் காட்டு விலங்குகள் கூடி ஆடுகின்றன. கதை அவ்வளவுதான்.

1959-இல் அமெரிக்காவின் அலபாமாவில் இதற்கு எதிர்ப்பு கிளம்பியது. கறுப்பரும் வெள்ளையரும் மணப்பதைச் சட்டம் தடுத்திருந்த மாநிலம் அது. மாநிலச் செனட்டர் எட்டின்ஸ் புத்தகத்தைக் கொளுத்தச் சொன்னார். மாநில நூலகப் பணியின் தலைவர் எமிலி வீலாக் ரீட் நூலை ஒழிக்கவில்லை. பொது அடுக்கிலிருந்து எடுத்துத் தனி அடுக்கில் வைத்து, கேட்ட நூலகங்களுக்குக் கொடுத்தார். கறுப்புக் குதிரைக்குப் பக்கத்தில் வெள்ளைக் குதிரை நின்றால் படம் எடுப்பாக இருக்கும், தமக்குத் தெரிந்தது அவ்வளவே என்றார் வில்லியம்ஸ். அத்தகைய தடைச் சட்டங்களை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967-இல்தான் செல்லாதவையாக்கியது.

வேடிக்கை என்னவென்றால், ஆந்தையும் பூனையும் வேறு வேறு இனம். முயல்கள் இரண்டும் ஒரே இனம், ரோமத்தின் நிறம்தான் வேறு. நடக்கவே முடியாத கல்யாணத்தைப் பார்த்துப் பெரியவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டில் நடந்துவிடக்கூடிய கல்யாணம்தான் அவர்களைப் பயமுறுத்தியது.