உம்மாவின் பெயர் எழுதிய பக்கம்

கல்முனைக் கரையில் பிறப்பு இறப்புப் பதிவேடுகளோடு முப்பத்தொரு வருடம் வேலை செய்தவன் நான். பிள்ளையின் பெயர், வாப்பாவின் பெயர், உம்மாவின் பெயர், பிறந்த இடம், பெற்றோர் விவாகமானவர்களா என்ற கேள்வி, கடைசியில் அறிவித்தவரின் கையொப்பம் அல்லது பெருவிரல் அடையாளம். ஒரு மனிதனைப் பற்றி அரசாங்கம் முதன்முதலில் எழுதிவைப்பது இவ்வளவுதான். அதையும் பார்க்கக் கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியை இன்றுவரை மறக்க முடியவில்லை.

வயது முப்பதுக்குள் இருக்கும். மகவேற்புச் சான்றிதழை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்திருந்தாள். “வளத்த உம்மா மௌத்தாகிட்டா சேர். பெத்த உம்மாட பேர் மட்டும் தெரிஞ்சாப் போதும்” என்றாள். நீதிமன்றக் கட்டளை இல்லாமல் அந்தப் பக்கத்தைக் காட்டச் சட்டம் இடம் தராது என்றேன். “என்ட பேர்தானே அந்தப் புத்தகத்தில இரிக்கி?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அவள் பிறகு வரவேயில்லை.

அவள் வாப்பாவின் பெயரைக் கேட்காமல் உம்மாவின் பெயரைக் கேட்டது ஏன் என்பது எங்கள் கரையில் பிறந்தவர்களுக்குப் புரியும். மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று வரை தமிழரும் முஸ்லிம்களும் குடியைத் தாய்வழியாகவே எண்ணிவந்தார்கள். உம்மாவின் குடிதான் பிள்ளையின் குடி. அதற்குள் இன்னும் நெருங்கிய கிளையை ‘வயிற்றுவார்’ என்பார்கள். ஒரே குடிக்குள் கல்யாணம் பேசுவதில்லை. பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கு ஒரு மரைக்காயர் இருந்தார். வீடுவளவு மகளுக்கே சீதனமாகப் போகும், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். இன்றைக்கு இந்தக் கட்டு நன்றாகத் தளர்ந்துவிட்டது. ஆனாலும் கல்யாணப் பேச்சு வரும்போது மூத்தவர்கள் கேட்கிற கேள்வி மாறவில்லை. உம்மா ஆருட மகள்? வளர்ப்புப் பிள்ளை அந்த இடத்தில் தலைகுனிந்து நிற்கிறது. ஒரே தாயிடம் பால் குடித்தவர்கள் மணமுடிக்கக் கூடாது என்ற மார்க்கச் சட்டமும் இருக்கிறது. யார் பெற்றது, யார் பாலூட்டியது என்பது தெரிந்தே ஆகவேண்டும்.

மார்க்கம் இதில் தெளிவாகவே பேசுகிறது. நபியவர்கள் வளர்த்த ஸைதை மக்கள் முஹம்மதின் மகன் ஸைத் என்றே அழைத்தார்கள். அஹ்ஸாப் அத்தியாயத்தின் வசனம் இறங்கிய பிறகு அவர் ஹாரிஸாவின் மகன் ஸைத் என்ற தம் பெயருக்குத் திரும்பினார். அநாதையை வளர்ப்பது பெரும் நன்மை. அதன் வம்சத்தை மறைக்க அனுமதி இல்லை. இதை நன்றாக அறிந்த குடும்பங்களே, பிள்ளை விட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில், பழைய பிறப்பத்தாட்சிப் பத்திரத்தை எரித்ததைக் கண்டிருக்கிறேன். அந்தப் பயத்தை நான் குறைசொல்ல மாட்டேன். எரித்ததைச் சரி என்றும் சொல்ல மாட்டேன்.

அந்தப் பக்கத்துக்குப் பூட்டு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லவேண்டும். எங்கள் மகவேற்புச் சட்டம் 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். இங்கிலாந்தின் 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின் சாயலில் வெள்ளைக்காரன் ஆட்சியில் எழுதப்பட்டது. பிள்ளைக்குப் புதிய பதிவு ஒன்று போடுவார்கள். பழைய பதிவுக்கும் புதியதற்கும் உள்ள தொடர்பு பதிவாளர் நாயகத்தின் காவலில் மறைவாக இருக்கும். இங்கிலாந்தோ 1975இல் புதுச் சட்டம் கொண்டுவந்து, 1976 நவம்பரிலிருந்து பதினெட்டு வயதான எவரும் தம் முதல் பிறப்புப் பதிவைக் கேட்டு வாங்கலாம் என்று ஆக்கிவிட்டது. அவர்கள் திறந்து அரை நூற்றாண்டு ஆகிறது. நாம் இன்னும் அவர்களுடைய பழைய பூட்டைக் காத்துக்கொண்டிருக்கிறோம்.

அந்தப் பூட்டுக்குள் நடந்ததையும் பாருங்கள். 1970களிலும் 80களிலும் ஏறக்குறைய 11,000 இலங்கைப் பிள்ளைகள் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பலர் வளர்ந்து தாயைத் தேடித் திரும்பி வந்தபோது, கையிலிருந்த கடதாசியே பொய் என்று கண்டார்கள். பெற்றவள் என்று நீதிமன்றத்தில் நின்றவள் கூலிக்கு வந்த வேறொரு பெண். 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி ஒன்று இதை அம்பலமாக்கியது. 2020 டிசம்பரில் சுவிஸ் அரசாங்கம் தன் தவறுக்கு வருத்தம் தெரிவித்தது. மறைத்து வைத்த ஏட்டில்தான் பொய் எழுத வசதி.

பிறகு 2004 டிசம்பர் 26, சுனாமி. இந்த நாட்டில் கடல் ஆக அதிகமான உயிரை எடுத்தது எங்கள் அம்பாறை மாவட்டத்தில். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று கரை முழுவதும் ஜனாஸா. அன்று கல்முனை வைத்தியசாலைக்கு 81ஆவதாகக் கொண்டுவரப்பட்ட கைக்குழந்தையை உலகமே அறிந்தது. பெற்றவர்கள் வந்து நின்றார்கள். பிள்ளை தங்களுடையது என்று காட்டும் பத்திரங்களைக் கடல் கொண்டுபோயிருந்தது. விஷயம் நீதிமன்றம் போய், மரபணுப் பரிசோதனை நடந்து, 2005 பெப்ரவரி நடுவில்தான் பிள்ளை தாயின் மடிக்கு வந்தது. அந்த மாதங்களில் முகாம்களில் உட்கார்ந்து நாங்கள் பிரதி எழுதிக் கொடுத்தோம். பதிவு இலக்கம் தெரியாதவர்களுக்காகப் பிறந்த வருடத்தையும் அடுத்த வருடத்தையும் பக்கம் பக்கமாகப் புரட்டினோம். ஒரு துண்டுக் கடதாசியின் பெறுமதியை எங்கள் ஊர் கற்றது அப்போதுதான்.

2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் சுனாமியில் அநாதையான பிள்ளைகளைத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் பொறுப்பில் வைத்தது. அன்று கைக்குழந்தையாக இருந்தவர்களுக்கு இப்போது இருபது வயது தாண்டிவிட்டது. கல்யாணப் பேச்சு நடக்கிற வயது.

பாராளுமன்றத்தில் எங்கள் கரையின் வாக்கோடு இருப்பவர்கள் 1941ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தட்டும். பதினெட்டு வயது நிறைந்தவர் கேட்டால், வழக்குப் பேசாமல், தன் முதல் பக்கத்தைத் தான் பார்க்கட்டும். அதுவரை, பிள்ளை எடுத்து வளர்க்கிற உம்மாமாரே, வாப்பாமாரே, பழைய பத்திரத்தை எரிக்காதீர்கள். பெற்றவளின் பெயர், பிறந்த ஆஸ்பத்திரி, திகதி, பதிவு இலக்கம் நான்கையும் ஒரு கொப்பியில் எழுதி அலுமாரியில் வையுங்கள். பிள்ளை கேட்கிற அன்று கொடுத்துவிடுங்கள்.